வீட்டுக்குச் சொல்லாமல் வாங்கிய டிக்கெட்

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்கு இப்போது பதினாறு வயது. அவளுக்கு உயிரான ஒரு பாடகி கோடையில் லண்டனில் பாடப்போகிறாராம். டிக்கெட் எல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் இன்ஸ்டகிராமில் ஒரு அக்காவிடம் ஒன்று மிஞ்சியிருக்கிறது, "சித்தி, அம்மாவுக்குச் சொல்லாமல் ஒரு நூறு பவுண்ஸ் தருவீங்களோ?" என்று போன மாதம் எனக்கு எழுதியிருந்தாள். வாசித்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2017இல் நான் டிக்கெட் மோசடியில் ஏமாந்ததும் இப்படித்தான் தொடங்கியது. அப்போது எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது. அவளைப் போல எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் மாயாவின் ரசிகை. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் கைக்குழந்தையாக ஊருக்குப் போய், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாகத் திரும்பி வந்தவர். தெற்கு லண்டனில் மிட்சம் பக்கம் ஒரு கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்தார். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். அவருடைய தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். என் அம்மாவும் ஒரு ட்ரை கிளீனிங் கடையின் பின்னறையில் இருந்து மற்றவர்களின் காற்சட்டைக்கு நீளம் வெட்டித் தைக்கிறவர். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு ஆசிரியரும் முயன்றதில்லை. அப்படியிருக்க, தகப்பனின் இயக்கப் பெயரை முதல் ஆல்பத்துக்கும் தாயின் பெயரை இரண்டாவது ஆல்பத்துக்கும் வைத்து ஒருத்தி உலகத்தையே 'அருளர்', 'கலா' என்று சொல்லவைத்திருந்தாள். அது எனக்கு என்ன செய்திருக்கும் என்று எங்களைப் போல இங்கே வளர்ந்தவர்களுக்கு விளங்கும்.

'கலா' 2007இல் வந்தது. அதை அமெரிக்காவில் இருந்து செய்யத்தான் அவர் நினைத்திருந்தார், விசா கிடைக்கவில்லை. உடனே இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார். அதில் சென்னையில் பதிந்த உறுமி வரும். பள்ளிக்கூட பஸ்ஸின் மேல்தட்டில் சிநேகிதியின் இயர்போனில் ஒரு பக்கத்தைக் காதில் வைத்து அந்த அடியைக் கேட்ட நாள் எனக்கு மறக்காது. கோயிலிலும் சாமத்திய வீட்டிலும் மட்டும் கேட்கலாம் என்று நான் நினைத்திருந்த மேளச் சத்தம், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் தலையையும் ஆட்டவைத்தது.

2009 மாசி (பெப்ரவரி) 8ஆம் தேதி, பிள்ளை பிறக்க வேண்டிய அதே நாளில், நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். உடம்பைக் காட்டும் கறுப்பு உடுப்பு. என் அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு, "வயித்துப் பிள்ளையோட உதென்ன உடுப்பு?" என்று முகத்தைச் சுழித்தா. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் டெலிபோன் அடித்தாலே எல்லோருக்கும் பயம். போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் சித்தப்பா குடும்பம் இருந்தது. சித்திரையில், போரை நிறுத்தச் சொல்லி நடந்த போராட்டத்துக்கு அப்பா என்னையும் தம்பியையும் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். எங்களைக் கடந்துபோகிறவர்கள் ஏன் இருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் போனார்கள். அதே நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருந்து வன்னியைப் பற்றிக் கதைத்த ஒரே பாட்டுக்காரி இவர்தான் என்று பத்து வயதில் நான் நம்பினேன். உடுப்பைப் பார்த்து முகம் சுழித்தவர்களுக்கு அது தெரியவில்லையே என்று ஆத்திரமாக வரும்.

2012இல் அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் மேடையில், மடோனாவுக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அமெரிக்கக் காற்பந்து லீக் 16.6 மில்லியன் டொலர் கேட்டு அவரைத் துரத்தியது. கடைசியில் வெளியே சொல்லாத ஓர் உடன்பாட்டில் முடிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த மாமாமார் எல்லோரும் "தமிழ்ப் பிள்ளையளின்ரை மானம் போச்சு" என்றார்கள். நான் அவருடைய படத்தை வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். அவரைப் பிடித்துக்கொண்டுதான் மடோனாவிடமும் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கிடமும் போனேன். 1992இல் அமெரிக்க நேரடி ஒளிபரப்பில் பாப்பரசரின் படத்தைக் கிழித்த ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானரைத் தெரிந்துகொண்டதும் அப்படித்தான். தேவாலயங்களில் சிறுவர்களுக்கு நடந்த கொடுமையைத்தான் ஷினேட் சொன்னார். அன்று ஊரே சேர்ந்து அவரை ஏசியது. அவர் சொன்னது உண்மை என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. மாயா பின்னாளில் தடுப்பூசிக்கு எதிராகச் சொன்னவற்றில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பதின்ம வயதில் எனக்கு நிமிர்ந்து நடக்கத் தெரிந்தது இந்தப் பெண்களால்தான்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இப்படியான ரசிப்பு வீட்டுக்குள் வெளிப்படையாக இருக்காது. பரதநாட்டியத்துக்கும் வயலினுக்கும் அம்மா என்னைக் காரில் கொண்டுபோய் இறக்குவா. மாயாவின் பாட்டு கேட்டால் "உந்தச் சனியனை நிப்பாட்டு" என்பா. அதனால் அது அலுமாரிக்குள்ளும் இயர்போனுக்குள்ளும் போனது. மோசடிக்காரருக்கு இதைவிட வசதி கிடையாது. வீட்டில் சொல்லமுடியாத ஒன்றை விரும்பும் பிள்ளை, அதில் ஏமாந்தாலும் வீட்டில் சொல்லமாட்டாள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2017 ஆனியில் தேம்ஸ் கரையில் உள்ள சவுத்பேங்க் சென்டரில் மெல்ட்டவுன் விழா நடந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கலைஞரிடம் விழாவை ஒப்படைத்து, யார் யாரை அழைப்பது என்று அவரையே தீர்மானிக்க விடுவார்கள். அந்த வருடம் மாயா. ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் தானும் பாடப்போகிறார் என்ற அறிவிப்பைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஒரே ரயிலில் போகும் தூரம். எனக்குப் பதினெட்டு வயது, பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், சனி ஞாயிறுகளில் ரூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்பேன். டிக்கெட் விற்பனை தொடங்கிய நேரம் நான் வகுப்பில் இருந்தேன். பிறகு பார்த்தபோது எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு ரசிகர் குழுவில் கேட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண் தனியாக எழுதினா. தானும் இலங்கைப் பெண்தானாம். அம்மம்மாவுக்குச் சுகமில்லை, கொழும்புக்குப் போகவேண்டி வந்துவிட்டது, டிக்கெட் வீணாகப் போகக்கூடாது, உண்மையான ரசிகைக்குத்தான் கொடுப்பேன் என்றா. எனக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டா. நான் சொன்னதும் அதே ஆல்பத்தில் இருந்து அதிகம் பேர் அறியாத இன்னொன்றைச் சொன்னா. அன்றிரவு வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தோம். மாயாவைப் பற்றி அவ்வளவு நேரம் நான் யாரோடும் கதைத்ததே இல்லை. விலை 95 பவுண்ஸ். வங்கிக்கு நேரே அனுப்பச் சொன்னா. கணக்கில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. தன் துணைவர் என்றா. அனுப்பிய அடுத்த நாள், டிக்கெட்டில் பெயர் மாற்ற இன்னும் 40 பவுண்ஸ் கட்டவேண்டுமாம் என்றா. அதையும் அனுப்பினேன். மொத்தம் 135. பார்கோடும் இருக்கை எண்ணும் போட்ட ஒரு பிடிஎஃப் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பாட்டு அறிவைப் பார்த்து ஆளை நம்பாதீர்கள். ஒரு ரசிகருக்குத் தெரிந்ததெல்லாம் தேடினால் பத்து நிமிடத்தில் எவருக்கும் கிடைக்கும். முதலில் ஒரு விலை, காசு போனபிறகு இன்னொரு கட்டணம் என்று வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். இரண்டாவது தொகை கேட்பது, நீங்கள் எவ்வளவு தூரம் வருவீர்கள் என்று பார்க்கத்தான். பேசுகிற ஆளின் பெயரும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் அனுப்பவே வேண்டாம். அன்று வங்கி பெயரைச் சரிபார்க்காது, கணக்கிலக்கம் சரியாக இருந்தால் காசு போய்விடும். இன்று பெயர் பொருந்தவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். அதைத் தட்டிவிட்டுப் போகச்சொல்லி எதிர்ப்பக்கம் காரணம் சொன்னால், அந்தக் காரணம்தான் உங்களுக்குக் கடைசி எச்சரிக்கை. இங்கே மறுவிற்பனைத் தளங்களில் விற்பவர் இருக்கை இருக்கும் பகுதி, வரிசை, டிக்கெட்டில் போட்டிருக்கும் முதல் விலை, டிக்கெட்டுக்கு ஏதாவது கட்டுப்பாடு உண்டா என்பதை எல்லாம் சொல்லவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தனிச் செய்தியில் விற்கிறவரிடமும் இதையே கேளுங்கள். உண்மையான ரசிகை முதல் விலையைச் சொல்லத் தயங்கமாட்டாள். ட்விக்கெட்ஸ் போல, முதல் விலைக்கு மேல் விற்க விடாத தளங்களும் இருக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள். பிடிஎஃப்போ போன் திரையைப் பிடித்த படமோ அனுப்பினால் அது டிக்கெட் ஆகாது. அது வெறும் படம், எத்தனை பேருக்கும் அனுப்பலாம். வாங்கிய செயலிக்குள்ளேயே உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள்.

கச்சேரி நடந்த இரவு சிநேகிதியின் பிறந்தநாள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். லண்டன் பாலத்தில் தாக்குதல் நடந்து நாட்கள் அதிகம் ஆகாததால் அம்மாவுக்கு நான் வெளியே போவதே பிடிக்கவில்லை. பச்சையும் மஞ்சளுமாக ஒரு பளபளக்கும் சட்டையைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோய் வாட்டர்லூ நிலையக் கழிப்பறையில் மாற்றினேன். வாசலில் ஒரு வயதான பெண் என் தாளை இயந்திரத்தில் காட்டினா. சிவப்பு வெளிச்சம். தாளைக் கையால் நீவிவிட்டு மறுபடி காட்டினா. மறுபடியும் சிவப்பு. "இந்த டிக்கெட் ஏற்கனவே உள்ளே போய்விட்டது, கண்ணம்மா" என்பதுபோல மிகவும் இதமாகச் சொல்லி, டிக்கெட் அலுவலகத்தில் கேட்கும்படி வழிகாட்டினா. அங்கே எனக்கு முன்னால் ஒரு பையன் நின்றான். அவன் கையில் இருந்த தாளில் என்னுடைய அதே வரிசை, அதே இருக்கை எண். இரண்டு பேரும் மாறி மாறித் தாளைப் பார்த்தோம். டிக்கெட் உண்மையானதுதான். ஒரு டிக்கெட்டை வாங்கி, அதன் படத்தை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறார்கள். முதலில் வாசலுக்கு வந்தவர் உள்ளே போய்விட்டார். மண்டப ஊழியர்கள் எங்கள் மேல் இரக்கப்பட்டார்கள். ஆனால் நிரம்பிய இருக்கைக்கு அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது.

ஆற்றங்கரைச் சுவரில் போய் உட்கார்ந்தேன். காசு போனது அன்று பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணோடு பேசிய இரவுதான் திரும்பத் திரும்ப வந்தது. நான் மனம் திறந்து சொன்னதெல்லாம், பாராளுமன்றச் சதுக்கம், சித்தப்பா, அலுமாரிக் கதவு எல்லாம், யாரோ ஒருவர் 135 பவுண்ஸுக்காகத் தலையாட்டிக் கேட்டது. உடம்பெல்லாம் கூசியது. அழுவதற்கும் இடமில்லை, வீட்டுக்குப் போனால் பிறந்தநாள் எப்படி என்று கேட்பார்கள். மறுபடி நிலையத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு போய், கேக் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

வங்கிக்கு எடுத்துச் சொன்னேன். "நீங்களேதானே அனுப்பினீர்கள்" என்று முடித்துவிட்டார்கள். மோசடி முறைப்பாடு பதிந்தேன், ஓர் இலக்கம் தந்தார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. குழுவில் நடந்ததை எழுதி மற்றவர்களை எச்சரித்தபோது ஒருவர் தனியாக வந்தார். தான் இப்படிப் போன காசை மீட்டுத் தருகிறவராம், முன்பணம் 50 பவுண்ஸ்தானாம். இதையும் நினைவில் வைத்திருங்கள்: ஏமாந்தவரின் பெயர் மோசடிக்காரரின் பட்டியலில் ஏறிவிடலாம், காசை மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவர் அந்தப் பட்டியலையோ நீங்கள் எழுதியதையோ பார்த்து வருகிறவர். காசை மீட்க உண்மையான வங்கியோ பொலிசோ உங்களிடம் முன்பணம் கேட்காது.

அதற்குப் பிறகு நெடுநாள் மாயாவின் ஒரு பாட்டும் கேட்கவில்லை. கேட்டால் வாசலில் நின்ற ஞாபகம் வரும். என்னிடமிருந்து அந்தப் பெண் களவெடுத்தது அதைத்தான், அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்தது சீட்டுக் காசால். அம்மா பிடித்த மாதச் சீட்டில் என் பங்கை நான் கடைச் சம்பளத்தில் கட்டுவேன். அந்த மாதம் கையில் இல்லை. காசு எங்கே என்று துருவித் துருவிக் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டா. அடிவிழும், குறைந்தது ஏச்சாவது விழும் என்று இருந்தேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் விட்டிருப்பியளோ அம்மா?"

"விட்டிருக்க மாட்டன். ஆனால் முகம் தெரியாத ஆளுக்கு உப்பிடிக் காசனுப்பவும் விட்டிருக்க மாட்டன்."

அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய், தெரிந்த ஆங்கிலத்தில் சண்டை பிடித்தா. காசு வரவில்லை. ஆனால் எனக்குள் இருந்த பாரம் அன்றுதான் இறங்கியது. பெற்றோருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் பிள்ளை ரசிக்கிற பாடகியை உங்களுக்குப் பிடிக்கத் தேவையில்லை. என் அம்மாவுக்கு மாயாவை இன்றைக்கும் பிடிக்காது. 2020இல் மாயா அரண்மனையில் பதக்கம் வாங்கியபோது, அவருடைய தாய் இப்படியான பதக்கங்களைத் தைத்துக்கொடுத்தவர் என்று வாசித்துக் காட்டினேன், "கலாக்கா பாவம், நல்லாய்க் கஷ்டப்பட்டிருப்பா" என்று தாய்க்காக மட்டும் கண் கலங்கினா. ஆனால் "எங்கே வாங்குகிறாய், எப்படிக் கட்டுகிறாய்" என்ற கேள்வியைப் பயமில்லாமல் கேட்கவும் சொல்லவும் வீட்டில் இடம் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இப்போது தம்பி எந்தக் கச்சேரிக்குப் போனாலும் டிக்கெட் அம்மாவின் கிரெடிட் கார்டில்தான் வாங்குவான்.

கிரெடிட் கார்ட் ஏன் என்றால், இங்கே நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி 100 பவுண்ஸுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்குக் கார்ட் நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு. ஆனால் நடுவில் ஒரு மறுவிற்பனைத் தளமோ வேறு கட்டண நிறுவனமோ இருந்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். டெபிட் கார்ட் என்றால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய காசைத் திருப்பி எடுத்துத் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். அது சட்டம் இல்லை, கார்ட் நிறுவனங்களின் விதி, காலக்கெடு உண்டு, பிந்தாமல் கேளுங்கள். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' என்ற வழியில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வழிக்கு வாங்குவோர் பாதுகாப்புக் கிடையாது.

வங்கிக்கு நேரே அனுப்பி ஏமாந்தவர்களுக்கு எனக்கு இல்லாத ஒரு வழி இப்போது இருக்கிறது. 2024 ஐப்பசி (ஒக்டோபர்) 7ஆம் தேதி முதல், பிரித்தானியாவுக்குள் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு மோசடியால் அனுப்பிய காசை வங்கிகள் 85,000 பவுண்ஸ் வரை திருப்பித்தர வேண்டும். கடைசியாக அனுப்பி 13 மாதத்துக்குள் கேட்கவேண்டும். ஆனால் வங்கி விரும்பினால் ஒவ்வொரு முறைப்பாட்டிலும் 100 பவுண்ஸ் வரை கழித்துக்கொள்ளலாம். கச்சேரி டிக்கெட்டின் விலை பெரும்பாலும் அந்த அளவில்தான் நிற்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். என் 135க்கு இன்று 35தான் திரும்பியிருக்கக்கூடும். 95 மட்டும் என்றால் ஒன்றுமே இல்லை. எல்லா வங்கியும் கழிப்பதில்லை, உங்கள் வங்கி என்ன செய்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பினால் இந்தச் சட்டம் உதவாது.

நடந்துவிட்டால், முதலில் 159க்குப் போன் அடியுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு அங்கிருந்தே இணைப்புக் கொடுப்பார்கள். பிறகு மோசடிகளைப் பதியும் 0300 123 2040 இலக்கத்தில் முறைப்பாடு. ஸ்கொட்லாந்தில் என்றால் பொலிசின் 101. பேசிய செய்திகளை அழிக்காதீர்கள், அவமானமாக இருந்தாலும் அழிக்காதீர்கள். எதிர்ப்பக்கம் கணக்கை மூடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் பிடித்துக் கொள்ளுங்கள். கணக்கிலக்கம், கணக்கின் பெயர், அனுப்பிய நேரம் மூன்றும் முறைப்பாட்டில் இருக்கவேண்டும். தொகை சின்னது என்று விடாதீர்கள். டிக்கெட் அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்ற அந்தப் பையனும் நானும் போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம்: இரண்டு பேரும் ஒரே கணக்கிலக்கத்துக்குத்தான் அனுப்பியிருந்தோம். அவன் முறைப்பாடு கொடுக்கப்போவதில்லை என்றான், வீட்டில் தெரிந்துவிடுமாம். அவனும் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கின் மேல் இரண்டு முறைப்பாடுகள் இருந்திருக்கும்.